இங்கிலாந்தில் செவிலியர் உதவியாளர் அப்ரண்டிஸ் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் பி.காம் படித்து, கல்யாணமாகி லண்டனுக்கு வந்து, பத்து ஆண்டுகள் கடையில் பில் போட்டுவிட்டு, 39 வயதில் மருத்துவமனை வார்டுக்குள் அப்ரண்டிஸாக நுழைந்தவள் நான். இன்று அதே துறையில் அடுத்த படியில் இருக்கிறேன். ஈஸ்ட்ஹாம் கோயில் பிரசாத வரிசையிலும், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி வாசலிலும் நம் பெண்கள் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்கும் கேள்விகள் இவை. நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் ஏற்பாடுகள் வேறு.

இது என்ன வேலை? செவிலியர் வேலையா?

இல்லை. பதிவு பெற்ற செவிலியரின் மேற்பார்வையில் நோயாளிகளை நேரடியாகப் பராமரிக்கும் வேலை. ஹெல்த்கேர் சப்போர்ட் ஒர்க்கர், ஹெல்த்கேர் அசிஸ்டென்ட், நர்சிங் அசிஸ்டென்ட், கிளினிகல் சப்போர்ட் ஒர்க்கர் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். பேச்சில் எல்லோரும் எச்.சி.ஏ. என்றுதான் சொல்வார்கள். குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது, எழுப்பி உட்காரவைப்பது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது, ரத்த அழுத்தமும் வெப்பநிலையும் பார்ப்பது, குடித்த நீரையும் வெளியேறிய நீரையும் கணக்கெழுதுவது எல்லாம் இதில் அடங்கும். ஊசி மருந்து கொடுப்பது இதில் கிடையாது.

ஊரில் ஆயா வேலை என்று சொல்வோமே, அதுதானே? படித்துவிட்டு அதற்கா போவது?

என் மாமியாரே கேட்ட கேள்வி. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பயிற்சி தொடங்கிய இரண்டாவது மாதம். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பாட்டியைக் காலையில் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். கரீபியத் தீவுகளிலிருந்து இளமையில் வந்தவர், நம்மைவிடக் கறுத்த மேனி. குதிகாலைத் துடைத்துக் காலுறையை மாட்டப் போனேன். பக்கத்தில் நின்ற மூத்த உதவியாளர், "பொறு, கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையால் அந்தக் குதிகாலைத் தொட்டுப் பார். மற்ற குதிகாலையும் தொடு" என்றார். ஒன்று குளிர்ந்திருந்தது. மற்றது கதகதப்பாக, கொஞ்சம் கெட்டிப்பட்ட மாவு போல இருந்தது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அதுதான் படுக்கைப்புண்ணின் தொடக்கம். வெளிர்ந்த தோலில் சிவப்பாகத் தெரியும். விரலால் அழுத்தினால் வெளுக்காது, அதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. சூடும், கெட்டித்தன்மையும், வலியும்தான் அடையாளம். அன்று செவிலியரிடம் சொன்னோம். குதிகால் படுக்கையில் படாமல் தூக்கிவைத்தோம், படுக்கும் பக்கத்தை மாற்றும் நேரங்களை அட்டவணை போட்டோம். புண் ஆகவில்லை. கவனிக்காமல் விட்டிருந்தால் எலும்பு வரை போயிருக்கக்கூடியது அது.

ஒரு நோயாளியின் உடல் முழுவதையும் ஒருவர் உச்சி முதல் பாதம் வரை பார்க்கும் நேரம் ஒரு நாளில் பெரும்பாலும் அந்தக் காலைக் குளியல்தான். டாக்டர் வந்து நிற்பது சில நிமிடங்கள். குளிப்பாட்டுகிறவளின் கையும் கண்ணும் தேர்ந்திருந்தால் நோயாளி பிழைப்பார். இதை மட்டமான வேலை என்று யார் சொன்னாலும் என்னால் ஏற்க முடியாது.

அப்ரண்டிஸ் என்றால் படிப்பா, வேலையா?

வேலை. முதல் நாளிலிருந்தே நீங்கள் ஊழியர். ஒப்பந்தம் உண்டு, சம்பளம் உண்டு, சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கூடவே ஒரு பயிற்சி நிறுவனமோ கல்லூரியோ உங்களுக்குப் பாடம் நடத்தும். கட்டணம் நீங்கள் ஒரு பென்னி கூடக் கட்ட வேண்டாம். சம்பளப் பட்டியல் ஆண்டுக்கு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்களிடம் அரை சதவீதம் வசூலிக்கும் ஏற்பாடு 2017 ஏப்ரலில் வந்தது. பெரிய மருத்துவமனைகள் அந்தப் பணத்திலிருந்துதான் பயிற்சிச் செலவைக் கொடுக்கின்றன. "பயிற்சிக் கட்டணம்" என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

தொடக்க நிலை, லெவல் 2. ஏறக்குறைய ஓர் ஆண்டு. அதற்கு மேல் சீனியர் ஹெல்த்கேர் சப்போர்ட் ஒர்க்கர் என்ற லெவல் 3. ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு. முதியோர் இல்லங்களில் இதே போல இன்னொரு பயிற்சி இருக்கிறது, அதன் பெயர் அடல்ட் கேர் ஒர்க்கர். அது மோசமானதல்ல. ஆனால் மருத்துவமனை வேலையை மனத்தில் வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போடுமுன் எந்தப் பயிற்சி என்று பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த விசாவில் இருப்பவர்கள் சேரலாம்?

இங்கேதான் பலருக்கு ஏமாற்றம். இங்கிலாந்தில் வேலை செய்யும் உரிமை இருக்க வேண்டும். அதோடு, பிரிட்டிஷ் குடிமக்கள் அல்லாதவர்களில் பெரும்பாலானோர் பயிற்சி தொடங்கும் நாளுக்கு முன் மூன்று ஆண்டுகள் இந்த நாட்டில் சட்டப்படி வசித்திருக்க வேண்டும். அந்த வசிப்பும் படிப்பதற்காக வந்து தங்கியதாக இருக்கக் கூடாது. மாணவர் விசாவில் இருப்பவர்கள் சேர முடியாது. அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு அந்த மூன்று ஆண்டு நிபந்தனை இல்லை. இலங்கையிலிருந்து வந்த பல குடும்பங்களுக்கு இது தெரியாமலே இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த குடும்பங்களுக்குச் சொல்லுங்கள்.

ஒவ்வொருவரின் நிலையும் வேறு. விண்ணப்பத்துக்கு முன்பே பயிற்சி நிறுவனத்துக்கு உங்கள் விசா விவரத்தை அனுப்பி, தகுதி உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரடியாக இந்தப் பயிற்சிக்கு வர முடியுமா? ஏஜென்ட் ஒருவர் முடியும் என்கிறார்.

முடியாது. மேலே சொன்ன மூன்று ஆண்டு வசிப்பு விதியே போதும், அந்த ஏஜென்ட் சொல்வது பொய் என்று தெரிந்துகொள்ள. பராமரிப்புப் பணியாளர் விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதும் 2025 ஜூலை 22 உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. நகையை அடகு வைத்து யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டு வந்து, ஒரே அறையில் ஆறு பேராகப் படுத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் இந்தியாவில் பி.எஸ்ஸி. நர்சிங் படித்தவள். இந்தப் பயிற்சியில் சேரலாமா?

சேராதீர்கள் என்பதே என் பதில். நீங்கள் ஏற்கெனவே செவிலியர். உங்களுக்கு உரிய பாதை செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் கவுன்சிலான என்.எம்.சி.யில் பதிவு செய்வது. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும், அல்லது ஓ.இ.டி. தேர்வு எழுதலாம். பிறகு கணினித் தேர்வு ஒன்று, செய்முறைத் தேர்வான ஆஸ்கி ஒன்று. ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பகுதியில் அரை மதிப்பெண்ணில் தவறிவிட்டு, மனம் விட்டு, ஏழெட்டு ஆண்டுகளாக முதியோர் இல்லத்தில் உதவியாளராகவே இருக்கும் ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமா படித்த பெண்களை எனக்குத் தெரியும். இங்கே சுகாதாரத் துறையில் வேலை செய்பவர்கள் மயிரிழையில் தவறினால், மேலாளர் தரும் சான்றையும் என்.எம்.சி. கணக்கில் எடுக்கும் ஏற்பாடு 2023இல் வந்தது. அதை விசாரியுங்கள்.

உதவியாளர் வேலையில் இருந்துகொண்டே அந்தத் தேர்வுகளுக்குப் படிக்கலாம், அதில் தவறே இல்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்ததையே லெவல் 2இல் மறுபடி படிப்பதற்கு ஓர் ஆண்டைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பப் படிக்க அரசுப் பணம் கொடுக்கவும் விதி இடம் தராது.

வயது, படிப்பு, ஆங்கிலம், கணக்கு?

16 வயது நிரம்பியிருக்க வேண்டும்; சில வார்டுகள் 18 கேட்கும். மேல் வரம்பு இல்லை. என் குழுவில் 57 வயதில் ஒருவர் இருந்தார், எங்களில் மிகச் சிறந்தவரும் அவரே.

முன்பெல்லாம் ஆங்கிலமும் கணக்கும் பங்ஷனல் ஸ்கில்ஸ் என்ற அடிப்படைத் தேர்வில் தேறாமல் பயிற்சியை முடிக்க முடியாது. நம்மில் நிறையப் பேர் அந்தச் சுவரில் மோதி நின்றார்கள். 2025 பிப்ரவரியில் அதைத் தளர்த்திவிட்டார்கள். 19 வயதோ அதற்கு மேலோ ஆனபின் தொடங்குகிறவர்களுக்கு இப்போது அது கட்டாயமில்லை. வேலை கொடுப்பவர்தான் தீர்மானிப்பார். இருந்தாலும் வாய்ப்புக் கிடைத்தால் எழுதிவிடுங்கள். அடுத்த படிகளுக்குப் பல்கலைக்கழகம் அதைக் கேட்கும். இலவசமாகப் படிக்கும் நேரத்தில் படித்துவிடுவது நல்லது.

சம்பளம் எவ்வளவு?

சட்டப்படி அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்சக் கூலி 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 8 பவுண்டு. இது 19 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், எந்த வயதானாலும் பயிற்சியின் முதல் ஆண்டில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். முதல் ஆண்டு முடிந்து 21 வயதும் ஆகியிருந்தால் எல்லோருக்கும் உரிய 12.71 பவுண்டு கொடுக்க வேண்டும்.

இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். வாடகை கட்டிக் குடும்பம் நடத்துகிறவருக்கு 8 பவுண்டு கட்டாது. ஆனால் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் பல மருத்துவமனைகள் அப்ரண்டிஸையும் பேண்டு 2 என்ற ஊதியப் படியின் முழுச் சம்பளத்தில் எடுக்கின்றன. 2025–26 ஊதிய ஆண்டில் அது ஆண்டுக்கு 24,465 பவுண்டு. அதனால் விளம்பரத்தில் "அப்ரண்டிஸ் விகிதம்" என்று இருக்கிறதா, "பேண்டு 2" என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஒரே ஊரில், ஒரே வேலைக்கு, இரண்டும் இருக்கும்.

இரவு, வார இறுதி வேலைக்குக் கூடுதல் பணம் உண்டு. பேண்டு 2 ஊழியருக்குச் சனிக்கிழமையும் வார நாள் இரவுகளும் 41 சதவீதம், ஞாயிறும் பொது விடுமுறைகளும் 83 சதவீதம் அதிகம். பிள்ளைகளைக் கணவர் பார்த்துக்கொள்ளும் சனி, ஞாயிறுகளில் வேலைக்குப் போய் வீட்டுக் கணக்கைச் சமாளிக்கும் பெண்கள் எங்கள் வார்டில் அதிகம். அப்ரண்டிஸ் சம்பளத்தில் இருப்பவருக்கும் இந்தக் கூடுதல் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேண்டு 2, பேண்டு 3 என்று ஏதோ தகராறு என்கிறார்களே?

ஆம், அறிந்துவைத்திருக்க வேண்டிய தகராறு. குளிப்பாட்டுதல், ஊட்டுதல் போன்ற தனிப் பராமரிப்பு பேண்டு 2. ரத்தம் எடுப்பது, ரத்த அழுத்தம் முதலியவற்றைப் பார்த்துப் பதிவு செய்வது போன்ற மருத்துவப் பணிகளை வழக்கமாகச் செய்தால் அது பேண்டு 3. 2021இல் இதற்கான தேசிய வேலை விவரத்தைத் தெளிவாகத் திருத்தி எழுதினார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் பேண்டு 3 வேலையைப் பேண்டு 2 சம்பளத்துக்கு வாங்கிக்கொண்ட இடங்கள் பல. யூனிசன் தொழிற்சங்கம் இதற்காகப் பெரிய இயக்கமே நடத்தியது. சில இடங்களில் வேலைநிறுத்தம் வரை போய், பழைய பாக்கியோடு வாங்கினார்கள்.

பயிற்சிக் காலத்தில் எல்லாம் கற்றுக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்த மறுநாள், நீங்கள் அன்றாடம் செய்வதை ஒரு தாளில் எழுதி, உங்கள் பேண்டு எது என்று கேளுங்கள். சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள்.

படிக்க நேரம் உண்மையிலேயே தருவார்களா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பயிற்சிக்கான படிப்பு நேரம் சம்பளம் பெறும் வேலை நேரத்துக்குள்ளேயே தரப்பட வேண்டும். இது சலுகை அல்ல. அரசுப் பணம் வருவதற்கான நிபந்தனையே அதுதான். 2022 ஆகஸ்டு முதல் தொடங்கிய முழுநேர அப்ரண்டிஸ்களுக்கு வாரம் குறைந்தது ஆறு மணி நேரம் என்று கணக்கு வைத்தார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு, ஒவ்வொரு பயிற்சிக்கும் மொத்தம் இத்தனை மணி நேரம் என்று நிர்ணயித்துவிட்டார்கள். நீங்கள் கையெழுத்திடும் பயிற்சித் திட்டத்தில் அந்த எண் இருக்கும்.

என் முதல் வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை என் படிப்பு நாள். காலை ஏழு மணிக்குத் தொலைபேசி வரும்: "இன்று இருவர் வரவில்லை, இன்று ஒரு நாள் மட்டும் வந்துவிடேன்." நான் போவேன். உதவி செய்கிறோம் என்ற நினைப்பு; மறுத்தால் வேலை போய்விடுமோ என்ற பயமும். அடுத்த புதனும் அதே தொலைபேசி. நான்கு மாதத்தில் பதினோரு படிப்பு நாள் போயிற்று. இரவு பிள்ளைகள் தூங்கியபின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு பாடம் எழுதினேன். பின்தங்கினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மதிப்பாய்வுக் கூட்டத்தில், "ஏன் முன்னேற்றம் இல்லை?" என்று என்னைத்தான் கேட்டார்கள். என்னிடம் ஒரு துண்டுத் தாள் ஆதாரம் இல்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். தேதி, யார் கூப்பிட்டார்கள், எத்தனை மணி நேரம் போயிற்று, பதிலுக்கு எந்த நாள் தருவதாகச் சொன்னார்கள். அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டை மேசையில் வைத்தேன். குரலை உயர்த்தவே இல்லை. பயிற்சி நிறுவன ஆசிரியர் பக்கங்களைப் புரட்டிவிட்டு வார்டு மேலாளரைப் பார்த்தார். அடுத்த வாரமே என் புதன்கிழமை பணிப் பட்டியலில் பூட்டப்பட்டது.

நம் வீடுகளில் பெரியவர்கள் கேட்டால் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. வார்டு மேலாளரையும் அப்படியே நினைத்துவிடுகிறோம். "நான் வருகிறேன், ஆனால் என் படிப்பு நேரத்தை எந்த நாளுக்கு மாற்றுகிறீர்கள்? ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்" என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

முதல் சில வாரங்களில் என்ன கற்றுத்தருவார்கள்?

கேர் சர்டிபிகேட் என்ற அடிப்படைப் பயிற்சி. ஸ்டாஃபர்டு மருத்துவமனையில் நோயாளிகள் தாகத்தோடும் அழுக்கோடும் விடப்பட்ட கொடுமையைப் பற்றிய பிரான்சிஸ் விசாரணை அறிக்கை 2013இல் வந்தது. அதே ஆண்டில், எந்தப் பயிற்சியும் இல்லாமல் உதவியாளர்களை வார்டில் விடுவதைப் பற்றி கேவென்டிஷ் ஆய்வு எழுதியது. அதன் விளைவாக 2015 ஏப்ரலில் 15 தரநிலைகளோடு வந்ததுதான் இந்தச் சான்றிதழ். பின்னர் கற்றல் குறைபாடு, ஆட்டிசம் பற்றிய ஒன்றும் சேர்ந்தது. ஆகவே அதைச் சடங்குக்காக முடிக்கும் கணினிப் பாடமாக நினைக்காதீர்கள். அதன் பின்னால் உயிர்கள் இருக்கின்றன.

பிறகு, நோயாளியின் உடல்நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவும் நியூஸ்2 என்ற மதிப்பெண் முறை. மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, வெப்பநிலை, நினைவு நிலை ஆகிய ஆறுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். கூடுதலாக ஆக்சிஜன் வைத்திருந்தால் அதற்கு இரண்டு. கூட்டினால் 5 வந்தால் அவசரம், 7 வந்தால் அவசரத்திலும் அவசரம். இதில் எல்லோரும் ஏமாற்றுவது மூச்சை. மற்றவற்றில் பெரும்பாலானதை இயந்திரம் அளந்துவிடும், மூச்சை நாம்தான் எண்ண வேண்டும். எண்ணாமலே 16 என்று எழுதிவிடுவார்கள். நீங்கள் ஒருபோதும் செய்யாதீர்கள். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நோயாளிக்குத் தெரியாமல் நெஞ்சைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். 20 என்றால் மதிப்பெண் பூஜ்யம், 21 என்றால் 2, 25 ஆனால் 3. உடல் கெட்டுப்போவதை முதலில் சொல்வது பெரும்பாலும் மூச்சுதான்.

என் ஆங்கில உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பார்களோ?

ஓரிருவர் முகம் சுளிப்பார்கள். பெரும்பாலோர் சுளிக்க மாட்டார்கள். தெளிவாக, மெதுவாகப் பேசுங்கள். கேட்டது புரியவில்லையென்றால் புரிந்தது போலத் தலையாட்டாதீர்கள். அது மட்டும்தான் ஆபத்து. கேட் கிரேஞ்சர் என்ற டாக்டர், புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது தன்னைத் தொட வந்த பலர் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று கண்டு, "வணக்கம், என் பெயர் இது" என்று சொல்லித் தொடங்கும் இயக்கத்தை 2013இல் ஆரம்பித்தார். 2016இல் இறந்துபோனார். அவர் சொன்னதைக் கடைப்பிடிப்பதற்கு உயர்ந்த ஆங்கிலம் வேண்டியதில்லை.

நம் மொழியும் அங்கே உதவும். மறதி நோய் வந்த தமிழ்ப் பெரியவர்களுக்குப் பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் நழுவிவிடும். ஒரு யாழ்ப்பாணத்து அம்மா தண்ணீரே குடிக்கவில்லை என்று நீர்க் கணக்குத் தாள் காலியாக இருந்தது. "மறுக்கிறார்" என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் ஐஸ் போல ஒரு ஜாடி. "சுடுதண்ணீர் தரட்டுமா அம்மா?" என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மட்டும் ஆறு டம்ளர் குடித்தார்.

ஆனால் ஓர் எல்லை உண்டு. அறுவை சிகிச்சைக்குச் சம்மதம், நோயின் பெயர் சொல்லுதல் போன்றவற்றுக்கு உங்களை மொழிபெயர்க்கச் சொன்னால் மறுத்து, முறையான மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஒரு சொல் தவறினால் பழி உங்கள் மேல், கேடு அவருக்கு.

தாலி, வளையல், கையில் கட்டிய கயிறு?

முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது. வேலைப்பாடில்லாத திருமண மோதிரம் ஒன்றைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். வளையல், கைக்கடிகாரம், கோயில் கயிறு, நகப்பூச்சு எல்லாம் கழற்ற வேண்டும். தொற்றுப் பரவாமல் கையைச் சரியாகக் கழுவத்தான் இந்த விதி. தாலிச் சங்கிலியை உடைக்குள் மறைத்துப் போட விடுவதா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். முதல் நாளைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். குழம்பிய நோயாளி சங்கிலியைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் வேலைக்குப் போகும்போது மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டேன்.

ஆண்கள் சேரலாமா?

தாராளமாக. ஆண் உதவியாளர்தான் வேண்டும் என்று கேட்கும் நோயாளிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆள்தான் போதவில்லை.

மரணத்தைப் பார்க்க வேண்டியிருக்குமா?

இருக்கும். இறந்தபின் உடலைத் துடைத்துத் தயார் செய்வதும் நம் வேலைதான். முதல் முறை தனியாக விட மாட்டார்கள். விட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எனக்குக் கற்றுத்தந்தவர், உயிரோடு இருப்பவரிடம் பேசுவது போலவே பேசினார்: "இப்போது உங்கள் முகத்தைத் துடைக்கிறேன், இப்போது இடப்பக்கம் திருப்புகிறேன்." சன்னலைக் கொஞ்சம் திறந்தார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று தன் கையில் விட்டுப் பார்த்தார். அன்று வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். தீட்டு என்று சொன்ன உறவினரிடம் நான் எதுவும் பேசவில்லை. யாரோ பெற்ற பிள்ளையைக் கடைசியாகச் சுத்தம் செய்து அனுப்பியிருக்கிறேன். அதில் தீட்டு எங்கே இருக்கிறது?

இதிலிருந்து செவிலியர் ஆக முடியுமா?

முடியும், கடன் வாங்காமலே முடியும். லெவல் 2, 3க்குப் பிறகு நர்சிங் அசோசியேட் என்ற இரண்டாண்டுப் பயிற்சி. 2019 ஜனவரியிலிருந்து அது என்.எம்.சி. பதிவுள்ள தொழில், முடித்தால் பேண்டு 4, 2025–26இல் 27,485 பவுண்டில் தொடக்கம். அதன் பின் பட்டப்படிப்பு அப்ரண்டிஸ். நேரடியாகச் சேர்ந்தால் ஏறக்குறைய நான்கு ஆண்டு, நர்சிங் அசோசியேட் ஆனவருக்கு ஏறக்குறைய இரண்டு. முடித்தால் பேண்டு 5 செவிலியர். பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்து படிப்பவர் ஆண்டுக்கு ஒன்பதாயிரம் பவுண்டுக்கு மேல் கட்டணக் கடன் சுமக்கிறார். நாம் அதே பட்டத்தைச் சம்பளத்தோடு வாங்குகிறோம், காலம் மட்டும் அதிகம்.

இடங்கள் குறைவு, வார்டு மேலாளரின் பரிந்துரை வேண்டும். இதையும் சொல்லிவிட வேண்டும்: எல்லோரும் ஏற வேண்டும் என்பதில்லை. இருபது ஆண்டாக உதவியாளராகவே இருந்து, புது டாக்டர்களுக்கே வார்டைச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியில் பரீட்சை உண்டா?

உண்டு. உங்களைத் தெரியாத ஒரு மதிப்பீட்டாளர் நீங்கள் வேலை செய்வதை நேரில் பார்ப்பார். பிறகு, ஆண்டு முழுவதும் நீங்கள் சேர்த்த கோப்பை வைத்துக்கொண்டு உரையாடுவார். கோப்பில் நோயாளியின் பெயரோ படுக்கை எண்ணோ இருக்கக் கூடாது. வாராவாரம் எழுதி வந்தால் பயமில்லை.

எங்கே விண்ணப்பிப்பது? நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

என்.எச்.எஸ். ஜாப்ஸ் தளத்திலும், அரசின் அப்ரண்டிஸ் வேலை தேடும் தளத்திலும். சில விளம்பரங்கள் ஓரிரு நாளிலேயே மூடிவிடும். விண்ணப்ப வாசகத்தை முன்பே எழுதி வைத்திருங்கள்.

நேர்காணலில் மருத்துவ அறிவைச் சோதிக்க மாட்டார்கள். "யாரையாவது பராமரித்த அனுபவம் சொல்லுங்கள்", "சக ஊழியர் நோயாளியிடம் கடுமையாக நடந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். நம் பெண்கள் முதல் கேள்விக்கு "அனுபவம் இல்லை" என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறார்கள். படுக்கையில் கிடந்த மாமனாரை மூன்று ஆண்டு பார்த்துக்கொண்டது அனுபவம் இல்லையா? எப்படித் திருப்பிப் படுக்கவைத்தீர்கள், சாப்பிட மறுத்தபோது என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். இரண்டாவது கேள்விக்கு ஒரே பதில்: நோயாளியைப் பாதுகாப்பேன், உடனே பொறுப்புச் செவிலியரிடம் சொல்வேன்.

வேலை கிடைத்தபின் குற்றப் பின்னணிச் சோதனையும் உடல்நலச் சோதனையும் நடக்கும். பி.சி.ஜி. தழும்பைக் காட்டச் சொல்வார்கள். நம் ஊரில் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் இடது தோளில் இருக்கும். அம்மை, மஞ்சள் காமாலை தடுப்பூசிச் சீட்டு ஊரில் இருந்தால் இப்போதே படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

முதல் நாள் என்ன எடுத்துப் போக வேண்டும்?

கறுப்பு மைப் பேனா இரண்டு. ஒன்று காணாமல் போகும். சட்டைப் பையில் அடங்கும் சிறு நோட்டு. வழுக்காத, மூடிய, நாள் முழுவதும் நின்றாலும் நோகாத காலணி. நீண்ட ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். தயிர்சாதம் போல வேகமாகச் சாப்பிடக்கூடிய ஏதாவது. சீருடையில் குத்திக்கொள்ளும் தலைகீழ்க் கடிகாரம் ஒன்று, விநாடி முள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மூச்சை எண்ண அது வேண்டும்.